ஊதுபெட்டிக்குக் கொடுத்த முகம்

குழலின் வாயில் மறுபடியும் புகையிலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. பெர்னடின் அதை வண்டியின் உள்விளக்கில் பிடித்துப் பார்த்தாள். எள்ளளவுதான். எச்சிலில் ஊறிக் காய்ந்து கறுத்திருந்தது. வெள்ளைக் குழல் அவளுடையது, நீலக் குழல் லைலுடையது என்று வீட்டில் ஏற்பாடு. ஆனால் லைல் கையில் அகப்பட்டதை வாயில் வைப்பான். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவன் பல்துலக்கும் பிரஷ்ஷை அவள் தொட்டதில்லை. இப்போது தினம் காலையில் அவன் எச்சிலை வாயில் வைக்கச் சட்டம் சொல்கிறது.

குழலைக் கோட்டு நுனியில் துடைத்தாள். பெட்டியில் செருகினாள். பெட்டி சூடேறவேண்டும். நவம்பர் குளிரில் அதற்கு மூன்று நிமிடம் பிடிக்கும்.

மூன்றாம் முறை குடித்துவிட்டு ஓட்டி மாட்டிக்கொண்டவன் லைல். ஒரு வருடத்துக்கு அவன் பெயரில் இருக்கும் எந்த வண்டியும், மூச்சில் சாராயம் இருக்கிறதா என்று பார்க்கும் பெட்டியில் ஊதாமல் கிளம்பக்கூடாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பது ஒரே வண்டி. அந்தப் பழைய பிக்கப் இருவர் பேரிலும் இருந்தது. ஆகவே ஓட்டுவது யாரானாலும் ஊதவேண்டும். சும்மா ஊதினால் போதாது, ஊதும்போதே தொண்டைக்குள் 'ம்ம்ம்' என்று முனகவும் வேண்டும், அப்போதுதான் பெட்டிக்கு அது மனித மூச்சு என்று தெரியும். ஊதுகிறவர் யார் என்று பார்க்கக் கண்ணாடியின் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கேமரா. ஓடும் வழியிலும் பெட்டி நினைத்தபோது கூவும், உடனே மறுபடி ஊதவேண்டும். இன்னும் பதினெட்டு நாள். அதற்குள் ஒரு தப்பு நடந்தாலும் ஆறு மாதம் கூடிவிடும்.

அந்த மூன்று நிமிடத்தில்தான் அவள் அழுவாள். எப்போது ஆரம்பித்தது என்று நினைவில்லை. ஒருவேளை மார்ச்சில். குறிப்பாக எதை நினைத்தும் இல்லை. வீட்டில் லைலின் குறட்டை, வேலையிடத்தில் இயந்திரச் சத்தம். இடையில் இந்த மூன்று நிமிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்காத இடமாக இருந்தது. அழுகை தானாக வரும். பெட்டி தயார் என்று ஒரு ஒலி எழுப்பும். அவள் அழுதபடியே குழலை வாயில் வைத்து, ஊதி, முனகுவாள். வண்டி கிளம்பும். மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். கேமரா இருப்பது தெரியாமல் இல்லை. தலைநகரத்தில் ஏதோ ஓர் இயந்திரம் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும், அதற்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள்.

உருளைக்கிழங்குக் கொட்டகையில் ஆறு மணிக்கு, கிழங்கைச் சுமந்துவரும் பெல்ட் ஓடத் தொடங்கியது. விஸ்கான்சின் மாநிலத்து மணல் வயல்களில் அந்த வருடம் அறுவடை நேரத்தில் மழை. கிழங்கு ஈரத்தோடு சேமிப்புக்குப் போனதால், வெளியே வரும்போது பத்துக்கு ஒன்று அழுகியிருந்தது. வெளித்தோல் நன்றாகவே இருக்கும். எடுத்தால் விரல் உள்ளே போய்விடும். வெள்ளையாகச் சீழ்போல வடியும். செத்த எலியும் புளித்த மீனும் சேர்ந்த நாற்றம் அது. கையுறையைத் தாண்டி நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும். வாசனைச் சோப்பு போட்டால் வாசனைச் சோப்போடு சேர்ந்து நாறும்.

பெர்னடினுக்கு எதிரே நின்று அழுகலைப் பொறுக்குபவள் லுவான். பதினோரு வருடமாக அதே இடம்.

"என்னடி, இன்னிக்கும் ஊதிட்டுதான் வந்தியா?" என்றாள் லுவான்.

"ஊதாம வண்டி என்ன, பறந்தா வரும்?"

"உன் புருஷன் குடிச்சதுக்கு நீ ஊதறே. என் புருஷன் தின்னதுக்கு நான் பாத்திரம் கழுவறேன். ஆம்பளைங்க வயித்துக்கு நம்ம வாயும் கையும்தான் பதில் சொல்லணும்போல."

"பதினெட்டு நாள். அப்புறம் அந்தப் பெட்டியப் பிடுங்கி ஆத்துல எறியறேன்."

"எறியாத, மீனுங்க பாவம்." லுவான் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு அழுகலை எடுத்துத் தொட்டியில் எறிந்தாள். அடுத்ததையும் எறிந்தாள். கண் மட்டும் பெர்னடின் பக்கம் வரவில்லை. "சாயந்திரம் எமில் கடைக்கு மீன் சாப்பிடப் போறீங்களா?"

"வெள்ளிக்கிழமை போகாம? லைலுக்கு இன்னிக்கு லீவு வேற."

"போகாதயேன். வயித்து வலின்னு சொல்லிடு."

"ஏன்?"

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது ஐம்பது கிழங்கு போயிருக்கும்.

"சும்மாதான் சொன்னேன். எண்ணெய் பழசா இருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றாள் லுவான்.

எமிலின் கடை எண்ணெய் எப்போதும் பழசுதான். அதற்காக யாரும் போகாமல் இருந்ததில்லை. மாதா கோயிலுக்குப் போகாதவர்கள்கூட வெள்ளிக்கிழமை மாமிசத்தை ஒதுக்கிவிட்டு அங்கே மீனுக்கு வந்துவிடுவார்கள். பொரித்த மீன், கோஸ் சாலட், ரை ரொட்டி, கிழங்கு அடை, ஆளுக்கொரு பிராந்தி. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. பெர்னடின் ஊதி, ஓட்டி, லைலைக் கொண்டுபோய் இறக்கினாள். இந்த ஒரு வருடத்தில் லைலுக்கு அதுவும் பழகிவிட்டது. முன்பெல்லாம் எத்தனை குடிக்கலாம் என்று கொஞ்சமாவது யோசிப்பான். இப்போது யோசனையே இல்லை. ஓட்டவும் ஊதவும்தான் ஆள் இருக்கிறதே.

"முகத்தக் கொஞ்சம் நல்லா வெச்சுக்க. சாவுக்கு வந்த மாதிரி இருக்காத" என்றான் உள்ளே நுழையும்போது.

"உருளக்கிழங்கு நாத்தம் மூஞ்சியில தெரியுதா?"

"மூக்குல தெரியுது" என்று சிரித்தான் லைல்.

மேசைகள் நிரம்பியிருந்தன. இருவரும் பார் மேடையிலேயே உட்கார்ந்தார்கள். லைலுக்கு பிராந்தியும் அவளுக்கு இஞ்சிச் சோடாவும் வந்தன. பேச்சு கொஞ்சம் அடங்கினாற்போல் அவளுக்குத் தோன்றியது. எமில், அறுபது வயது ஆள், சாதாரணமாக அவளிடம் ஒரு கேலி பேசாமல் நகரமாட்டான். அன்று துணியால் மேடையைத் துடைத்துவிட்டு, ஒரு சின்ன கிளாஸை அவள் முன்னால் கவிழ்த்து வைத்தான்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. யாராவது ஒருவருக்குக் குடிக்க வாங்கித்தர நினைத்தால் கடைக்காரரிடம் சொல்லிவிடுவார்கள். கடைக்காரர் ஒரு சின்ன கிளாஸைக் கவிழ்த்து அந்த ஆள் முன்னால் வைப்பார். உன் பேரில் ஒன்று காத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். வேண்டாம் என்று சொன்னால் வாங்கித்தந்தவரை அவமதித்ததாகும். ஆண்களுக்குள்ளேதான் இது அதிகம். பெண்களுக்கு வைப்பது, வீட்டில் சாவு விழுந்தால்தான்.

"எமில், இடம் மாத்தி வெச்சுட்டே. லைலுக்கு முன்னால வை" என்றாள் பெர்னடின்.

"உனக்குத்தாம்மா." அவன் நிமிரவில்லை. இரண்டாவதைக் கவிழ்த்தான். மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது.

ஐந்து கிளாஸ்கள் வரிசையாக நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள். யாராவது போய்விட்டார்களா? முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவுக்கு ஏதாவது ஆகி, தனக்கு மட்டும் தெரியவில்லையா?

"யாரு செத்துட்டாங்க?" என்றாள்.

"யாரும் சாகல."

"பின்ன எதுக்கு அஞ்சு? யார் வெச்சது?"

எமில் துணியைப் பிழிந்தான். பிழிவதற்கு அதில் தண்ணீர் இல்லை. "பட்ச் ஒண்ணு, நார்ப் ஒண்ணு, ஏதோ எல்லாரும் சேர்ந்து… குடிம்மா. பிராந்தி, செர்ரிப்பழம் போட்டுத் தரேன்."

நார்ப் இரண்டு ஸ்டூல் தள்ளி உட்கார்ந்திருந்தான். பால் பண்ணை வைத்து நொடித்தவன், நல்ல மனுஷன், குடித்தால் கண் கலங்குகிறவன். அவன்தான் வாயைத் திறந்தான். "மனசு கேக்கல, பெர்னி. காலங்காத்தால ஒரு பொம்பள ஒண்டியா வண்டிக்குள்ள உக்காந்து அப்படி அழறதப் பார்த்துட்டு, நாங்கல்லாம் கல்லா என்ன? அதான்…"

பக்கத்தில் இருந்த பட்ச் அவன் காலை மிதித்தான். மிதித்ததை அவள் பார்த்தாள்.

"எங்க பார்த்தே?" என்றாள் பெர்னடின்.

கடையில் இருந்தவர்களின் கண்கள் ஒவ்வொன்றாகச் சுவரோரத்து மேசைக்குப் போயின. அங்கே ட்ராவிஸ் மீனைத் தின்றுகொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிகளுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டித்தரும் கடை வைத்திருக்கிறான். ஊதுபெட்டியையும் அவன்தான் மாட்டினான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவனிடம் கொண்டுபோய் விடவேண்டும். ஒரு வயரைச் செருகி உள்ளே இருக்கும் படங்களை எல்லாம் இறக்கி மாநில இலாகாவுக்கு அனுப்புவான்.

அவள் எழுந்து போனாள். லைல் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தான். கை கிடைக்கவில்லை.

"எங்கிட்ட காட்டு" என்றாள்.

"என்னத்தங்க?" ட்ராவிஸின் உதட்டில் எண்ணெய் மின்னியது.

"இவங்க எல்லாருக்கும் காட்டினத. மூஞ்சி என்னோடது. நான் மட்டும்தான் இன்னும் பார்க்கல."

அவன் சுற்றும் பார்த்தான். யாரும் உதவிக்கு வரவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "தப்பா எதுவும் இல்லங்க. சத்தியமா. ஒண்ணே ஒண்ணுதான்."

"காட்டு."

காட்டினான். கீழிருந்து வெளிச்சம் அடித்த ஒரு முகம். கண்கள் இறுக மூடி, மூக்கின் கீழே ஈரம் மினுமினுக்க, கன்னம் உப்பி, வாய் ஒரு வெள்ளைக் குழலைக் கவ்வியிருந்தது. தாயில்லாக் கன்றுக்குப் புட்டிப்பால் கொடுக்கும்போது இப்படித்தான் அது வாயை வைத்துக்கொள்ளும். முதலில் யாரோ என்றுதான் இருந்தது. பிறகு கோட்டு பித்தானைப் பார்த்துத் தன்னைத் தெரிந்துகொண்டாள். இந்த முகத்தை லைல் பார்த்ததில்லை. பெற்றவள் பார்த்ததில்லை. தானே இப்போதுதான் பார்க்கிறாள். ஆனால் பட்ச் பார்த்திருக்கிறான். நார்ப் பார்த்துவிட்டுக் கலங்கியிருக்கிறான். மீன் பொரிக்கிற எண்ணெய்ப் புகையில், விரலால் பெரிதாக்கிப் பார்த்திருப்பார்கள்.

கொட்டகையில் அழுகல் கிழங்குக்குள் விரல் போனால் வெடுக்கென்று இழுப்பாளே, அப்படிக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தன இருக்கு?"

"ஒண்ணுதாங்க… ரெண்டு."

"ட்ராவிஸ்."

"ஏழு."

"எதுக்குடா வெச்சிருக்க?"

அவன் உண்மையிலேயே யோசித்தான். அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. "தெரியலங்க. மத்தவன் படமெல்லாம் வெறும் மூஞ்சி. கொட்டாவி விடுவானுங்க, மூக்க நோண்டுவானுங்க. ஒருத்தன் பொண்டாட்டிய ஊத வெச்சு ஏமாத்துவான். பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போச்சு. உங்களது அப்படி இல்ல. மாதா கோயில்ல இருக்கற படம் மாதிரி… அழிக்க மனசு வரல. பாவமா இருந்துச்சு. அந்த அஞ்சுல ஒண்ணு நான் வெச்சதுதான்."

அவள் திரும்பி லைலைப் பார்த்தாள். கடையே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. லைல் மட்டும் பார்க்கவில்லை. குனிந்து மீன்மேல் எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். சாறு எப்போதோ தீர்ந்துபோய் வெறும் தோலைப் பிழிந்துகொண்டிருந்தான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கோட்டை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள். ஐந்து கிளாஸ்களும் கவிழ்ந்தபடியே இருந்தன.

வண்டிக்குள் லைல் வந்து ஏறியபோது பிராந்தி வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து ஏறின. பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. தயார் என்று அது ஒலித்தபோது அவள் கேமராவை நேராகப் பார்த்துக் குழலை வாயில் வைத்தாள். கண் வறண்டிருந்தது. கேமராவைப் பொத்தி மறைத்தால் அதுவும் ஒரு தப்பு என்று பெட்டி எழுதிவிடும். முகத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்தாள். முனகினாள். வண்டி கிளம்பியது.

இரண்டு மைல் ஓட்டினாள். அறுவடை முடிந்த வயல்கள் இருபுறமும் கறுப்பாகக் கிடந்தன.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மூணு வாரம் இருக்கும்."

"மூணு வாரம்." அவள் மனதுக்குள் காலைகளை நினைத்துப் பார்த்தாள். "தெரிஞ்சுக்கிட்டே தினம் என்ன அனுப்பியிருக்க."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? ஊத மாட்டேன்னு உக்காந்திருப்ப. இல்லேன்னா அவன்கிட்ட சண்டைக்குப் போயிருப்ப. முடியப்போற நேரம் பெர்னி. கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டா…"

"என் பல்லு."

"அவன் கெட்டவன் இல்ல. ஏதோ பையன், புத்தி இல்ல. நான் அவன்கிட்ட சொன்னேன், காட்டாதடான்னு."

"சொல்லிட்டு அவன்கூட உக்காந்து குடிச்சே."

லைல் ஜன்னலைப் பார்த்தான். "அவனப் பகைச்சுக்க முடியாது. உனக்கு ஞாபகம் இல்லியா? ஜூலையில. என் தங்கச்சி மக கல்யாணத்துல இருந்து வரும்போது."

ஞாபகம் இருந்தது. கிளம்பும்போது ஊதியதும் ஓட்டியதும் அவள்தான். பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். இஞ்சினை நிறுத்தவில்லை. கண் எரிகிறது என்றாள். கொஞ்ச தூரம் நான் ஓட்டுகிறேன் என்று குடித்திருந்த லைல் உட்கார்ந்தான். ஐந்து நிமிடத்தில் பெட்டி கூவியது. 'ஊது பெர்னி, சீக்கிரம் ஊது' என்று கத்தினான். அவள் பக்கவாட்டில் சாய்ந்து ஊதினாள்.

"படத்துல உன் தல குறுக்க இருக்கு. ஸ்டீயரிங்ல என் கை. ட்ராவிஸ் பார்த்துட்டான். நல்ல படம்னு குறிச்சு அனுப்பிட்டான், எனக்காக. நீ அவன்மேல புகார் எழுதினா எல்லாப் படத்தையும் வரவழைச்சுப் பார்ப்பாங்க. என் லைசென்ஸ் போகும். அடுத்தவனுக்காக ஊதினது குத்தம், உன்னையும் இழுப்பாங்க. அதனாலதான் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப உன் ஒரு படத்துக்கு என் ஏழு படத்தக் கொடுத்திருக்க."

"அப்படிச் சொல்லாத."

"எப்படிச் சொல்றது?"

வழியில் பெட்டி கூவியது. வண்டியை ஓரம் கட்டி, ஊதி, மறுபடி ஓட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையைக் கழுவினாள். இரண்டு முறை கழுவினாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். மாநிலப் போக்குவரத்து இலாகாவின் விலாசம் பெட்டி மாட்டியபோது கொடுத்த காகிதத்திலேயே இருந்தது. எழுதத் தொடங்கினாள். கொட்டகையில் எடைச்சீட்டு எழுதுகிற கை. எழுத்து பெரிசு பெரிசாக, ஒழுங்காக விழுந்தது. கடையின் பெயர், ஆளின் பெயர், ஏழு படம், யார் யார் பார்த்தார்கள் என்பது. நார்ப்பின் பெயரிடத்தில் கொஞ்சம் நின்றாள். எழுதினாள்.

லைல் எதிரே வந்து நின்றான். கோட்டைக் கழற்றவில்லை.

"எழுது. வேண்டாங்கல. அவன் செஞ்சது தப்புதான்" என்றான். "ஆனா ஜூலையப் பத்தி நீயா எழுத வேண்டாம். அவங்களாக் கண்டுபிடிச்சாப் பார்த்துக்கலாம்."

"அவங்களா கண்டுபிடிக்கற வரைக்கும் அந்தப் படம் ட்ராவிஸ் கையில இருக்கும். அவன் நம்ம தலைக்கு மேல வெச்சுக்கிட்டே இருப்பான். நீ அவனுக்குத் தலையாட்டுவ. நான் உனக்குத் தலையாட்டணும்."

"வண்டிய முடக்கிட்டாங்கன்னா கொட்டகைக்கு எதுல போவ?"

"லுவான் வண்டியில."

"நான் எதுல போவேன்?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஐம்பத்தாறு வயது. தாடையில் மீன் தூள் ஒட்டியிருந்தது. வேறு நாளாயிருந்தால் கையை நீட்டித் தட்டிவிட்டிருப்பாள். இப்போது கை மேசையைவிட்டு எழவில்லை. அதுவும் அவளுக்கு வருத்தமாக இல்லை.

"தெரியல" என்றாள்.

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். ஹீட்டர் ஓடி நின்றது. மறுபடி ஓடியது. அவள் எழுதிக்கொண்டே வந்தாள். கல்யாணம், பெட்ரோல் போட நிறுத்தியது, இடம் மாறி உட்கார்ந்தது, ஓட்டியது என் கணவர், ஊதியது நான். அங்கே பேனா நின்றது. தேதி நினைவில்லை. ஜூலை என்பது மட்டும் தெரிந்தது. நாட்காட்டி பழையது, மாதம் மாதமாகக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. கல்யாணப் பத்திரிகை எங்கே என்று தேடவேண்டும்.

"ஜூலையில என்னிக்கு?" என்றாள் தாளைப் பார்த்தபடி.

ஹீட்டர் நின்றது. தெருவில் யாருடைய வண்டியோ போனது, அந்த வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கியது. அவள் தலை நிமிரவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது.

"பத்தொன்பது" என்றான் லைல். "சனிக்கிழமை."

எழுதினாள்.